முன்னால் நடந்து நட்ட நாற்று

இன்று மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் செல்வியக்கா. பத்து நாளைக்கு முன் என் கல்லூரி மாணவர்கள் சமூக சேவை மதிப்பெண்ணுக்காக நடவு நட்டது அவருடைய வயலில்தான்.

"பயிர் எப்படிக்கா இருக்கு?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லா பச்ச புடிச்சிருச்சு டீச்சர். அன்னைக்கு சாயங்காலமே நாங்க பூராவும் திருப்பி நட்டுட்டோம்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்க்கா?"

"நடவுன்னா பின்னாடி போய்க்கிட்டே நடணும். பிள்ளைங்க முன்னாடி நடந்து, நட்டதையெல்லாம் மிதிச்சிருச்சுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அம்புட்டு ஆசையா வந்த பிள்ளைங்க. மூஞ்சி சுருங்கிடும்ல."

எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டாயிற்று. கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை மட்டும் இன்னும் என் பையில் இருக்கிறது. அதில் 'பயன்பெற்றவர்' என்ற இடத்தில் செல்வியக்கா பெயரை எழுதியிருக்கிறேன்.

அதை அடித்துவிட்டு மாணவர்கள் பெயரை எழுதிவிடட்டுமா? சொல்லுங்கள்.