எண்பத்து நான்கு டிகிரி

கட்டப்போகும் வீடுகளைக் கணினியில் வண்ணப்படமாகச் செய்து கொடுப்பது அவளுடைய தொழில். போன வருடம் வேலையின் நடுவில், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு கருகி, ஒரு பொறியாளர் கொடுத்த வேலை கைவிட்டுப் போனது. அன்றிலிருந்து புதுக் கார்டின் சூடு எண்பது டிகிரியைத் தொட்டாலே வேலையை உடனே நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் படம் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும்.

அன்று மாலை நான்கு மணிக்குள் ஒரு படத்தை அனுப்பியாக வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை நிறுத்தியாயிற்று. இப்போது மணி ஒன்று இருபது. படம் முடிய இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும்.

“காய்ச்சல் அதுக்கா, உங்களுக்கா அண்ணி? யாரு நெத்தியில ஈரத்துணி போடணும்?” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவருக்குப் போன் செய்தாள்.

“எண்பத்தஞ்சு வரைக்கும் அந்தக் கார்டுக்குச் சாதாரணம்மா. ரொம்பச் சூடானா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். ஃபேன் சுத்துதா?”

“சுத்துதுண்ணே.”

“அப்ப கையை எடுங்க. அது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் வேலை செய்ய விடமாட்டேங்கிறீங்க.”

நான்காம் முறை தொடங்கினாள். எண்பது ஆனது, எண்பத்திரண்டு ஆனது. எண்பத்து நான்கும் ஆனது. கருகல் வாசனை வருவது போலவே இருந்தது. நாத்தனாரை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். ஒரு வாசனையும் இல்லை என்று நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். வேறு வழி தெரியாமல் இவள், நிறுத்தப் போன தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று முப்பத்தெட்டுக்குப் படம் முழுதாக வந்தது. அப்போதும் எண்பத்து நான்குதான். வலது கை மரத்துப்போயிருந்ததால் இடது கையாலேயே அனுப்பினாள்.