ஜூலியாவின் தொடைத் தழும்பு

உதயகுமாரி எவர் சொல்வதையும் உடனே நம்பிவிடுகிறவர் அல்ல. ஒஸ்லோவில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம். நம்பியவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்பது அவர் அனுபவம்.

அந்நகரின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் தனியே வசித்த ஜூலியாவுக்கு எண்பத்தொன்பது வயது. வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாமா, முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா என்று அந்த மாதம் நகரசபையில் முடிவெடுக்க இருந்தார்கள். உதயகுமாரியின் குறிப்புகளை வைத்துத்தான் முடிவு.

அந்த நேரம் பார்த்து ஜூலியா ஒரு கதையை எடுத்தார்.

"பதினெட்டு வயசில அமெரிக்காவில பேஸ்போல் விளையாடினனான். சம்பளத்துக்கு."

"ஆர், பொம்பிளையளோ?"

"பொம்பிளையள்தான். பாவாடையோட."

சம்பளமாம், பாவாடையாம். பேஸ்போல் உதயகுமாரிக்குத் தெரியாது. ஆனால் சாவகச்சேரியில் படிக்கும்போது எல்லே விளையாடியவர். மட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் விளையாட்டு. இரண்டும் ஒன்றுதானே என்று விசாரணையைத் தொடங்கினார்.

"ஓடுறவளை எப்பிடி அவுட்டாக்கிறது?"

"பந்தோட போய் அவளைத் தொடவேணும்."

"முதுகில எறியிறேல்லையோ?"

"எறிஞ்சால் அவள் ஓடிக்கொண்டே இருப்பாள். நீ பந்து பொறுக்கப் போகவேண்டியதுதான்!"

ஆள் அகப்பட்டுவிட்டார் என்று நினைத்தார் உதயகுமாரி. எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் எறிந்துதான் அவுட்டாக்குவார்கள். உடனே குறிப்பு எழுதி அனுப்பினார்: 'சம்பளத்துக்கு விளையாடியதாகச் சொல்கிறார். விதிகூடத் தெரியவில்லை. நினைவுக் குழப்பம்.'

வியாழக்கிழமை, வழக்கமாகக் குளிப்பாட்டுகிறவள் வராததால் உதயகுமாரியே குளிப்பாட்டினார். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தழும்பு. வாரம் ஒருமுறை வந்துபோகும் ஜூலியாவின் தங்கை மகன் மேல்தான் முதலில் சந்தேகம் போனது.

"ஆர் செய்தது?"

"நான்தான். ஓடேக்க மண்ணில சறுக்கிக்கொண்டு போய் எல்லையைத் தொடவேணும், கால்சட்டை தரமாட்டினம். காயம் ஆறமுதல் அடுத்த ஆட்டம் வந்திடும்."

உதயகுமாரி விரலால் தடவிப் பார்த்தார். சூடு பட்ட தோல் சுருங்கியிருக்கும், இது சுருங்கவில்லை. ஒரே இடத்தில் பலமுறை உரசி ஆறிய பழைய தோல்.

வீட்டுக்குப் போய் மகள் சாருகாவிடம் தேடச் சொன்னார்.

"ஓம் அம்மா, உண்மைதான். 1943இல, ஆம்பிளையள் உலக யுத்தத்துக்குப் போன நேரம் தொடங்கியிருக்கினம். 1954 வரைக்கும் நடந்திருக்கு. சம்பளம் குடுத்தவை. பாவாடைதான், லிப்ஸ்டிக்கும் போடவேணுமாம்."

"அந்த எறியிற விசயம்?"

"இது உங்கட எல்லே இல்லையம்மா, இதில பந்தோட தொட்டுத்தான் அவுட்!"

காலையில் பொறுப்புத் தாதி தர்மிகாவுக்கு அழைப்பெடுத்தார். "பிள்ளை, நான் எழுதினது பிழை. அழிச்சுவிடுங்கோ."

"அழிக்கேலாது அன்ரி. திருத்தம் எழுதுங்கோ. அப்ப, ஆளுக்கு ஞாபகம் சரியோ?"

"எழுபது வருசக் கதை சரி. முந்தநாள் கதை சரியோ எண்டு எனக்குத் தெரியாது. வந்து பாருங்கோ."

முடிவைத் தள்ளிவைத்து, திங்கட்கிழமை வீட்டுக்கே வந்து சோதிப்பதாகச் சொன்னார் தர்மிகா. உதயகுமாரி பஸ் தரிப்பில் நின்றபடியே திருத்தத்தை எழுதினார்: 'விதி அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.'