பல்லிக்குக் காட்டுப் பூச்சி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு லெக்சரர் கையில் கண்ணாடித் தொட்டியோடு வந்து நின்றார். உள்ளே இரண்டு குட்டிப் பல்லிகள். வளர்க்கப் போகிறாராம்!

“நீங்க ஜுவாலஜி வாத்தியாராச்சே சார்... இதுகளுக்கு என்ன பூச்சி போடலாமுங்க?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் அன்றைக்கு எனக்குக் காப்பி இறங்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மோகனூருக்கு வேலைக்கு வந்த புதுசு. பழனியப்பன் என்ற விவசாயியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். தங்கமான மனிதர். ஒரே மகள், சரசு.

அந்த வீட்டில் கவுளி கேட்காமல் நல்ல காரியம் எதுவும் நடக்காது. கவுளி என்றால் வேறொன்றுமில்லை, பல்லிதான். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் பேசாமல் உட்காருவார்கள். பல்லி சத்தம் போட்டால் சம்மதம். போடாவிட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார்கள். இரண்டாம் முறை கேட்கிற வழக்கம் கிடையாது.

சரசுவுக்கு ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாமன் வீட்டுக் கல்யாணத்தில் அவள் பார்த்த பையன்தான். ரொம்பப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை கவுளி கேட்பதாக முடிவாயிற்று.

அந்தச் சமயம் பார்த்து மலேரியாக்காரர்கள் வந்து வீடு முழுக்கக் கொசு மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். பூஜை அறைக்குள் மட்டும் பழனியப்பன் விடவில்லை. படத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த ஒரே பல்லி — சரசு கையால் தீனி போட்டு வளர்த்த பல்லி — இரை இல்லாமல் துவண்டு கிடந்தது. மாடிக்கு ஓடி வந்தாள்.

“சார், கரப்பான் பிடிச்சுப் போடட்டுங்களா?”

“கரப்பான் வேண்டாம்மா. வீட்டுப் பூச்சி எதுவுமே ஆகாது, மருந்து பட்டிருக்கும். காட்டுப் பூச்சியா பிடிச்சுப் போடு. சின்ன வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி... உயிரோட இருக்கணும். பல்லியோட தலையைவிடப் பெரிசா இருக்கக் கூடாது.”

எவ்வளவு விவரமான லெக்சர், பாருங்கள்!

வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் எரிந்து அணைந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சரசு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி... முக்கால் மணி...

பழனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “கவுளி சொல்லலீங்களே வாத்தியாரே. இந்த எடம் நமக்கு வேண்டாமுங்க.”

மறுநாள் சரசு ஒரு காகிதத்தை நீட்டினாள். அதில் அந்தப் பல்லி, வாய் திறந்தபடி செத்துக் கிடந்தது.

“நீங்க சொன்னாப்பல காட்டுப் பூச்சிதானுங்க சார் போட்டேன்.”

“எந்தக் காடு?”

“நம்ம பருத்திக்காடுதானுங்க.”

எங்கள் பக்கம் காடு என்றால் மரமும் புதருமாக இருப்பது. பயிர் வைக்கிற இடம் வயல். இந்த ஊரில் உழுகிற நிலம்தான் காடு. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “பருத்திக்கு மருந்து அடிச்சாங்களா?” என்றேன்.

“புதன்கிழமை அடிச்சாங்க...” சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது. “சார், நீங்களே அப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க. மருந்துல செத்துப்போச்சு, அதான் சத்தம் போடலைன்னு. நீங்க சொன்னா நம்புவாருங்க.”

“பார்க்கலாம்மா” என்றேன்.

சொல்லவில்லை. என்ன பயம்? கவுளியைக் கொல்ல யோசனை சொன்னவனே நான்தானே? அந்த வீட்டில் அதற்கப்புறம் என்னைக் குடிவைப்பார்களா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஐப்பசியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. சரசு அதற்கப்புறம் மாடிப்படி ஏறவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அப்பா காலமாகிவிட்டாராம். காட்டைத் தனியாக அவளே பார்த்துக்கொள்கிறாளாம். “நல்லா இருக்கீங்களா சார்?” என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கல்யாணம் ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

லெக்சரருக்கு எல்லாம் சொல்லி அனுப்பினேன். சின்னப் பூச்சி, உயிருள்ள பூச்சி, மருந்து படாத பூச்சி... எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்றுகூட விளக்கினேன். “இவ்வளவு பொறுமையா யாருங்க சார் சொல்லுவாங்க!” என்று நெகிழ்ந்துபோனார்.

பல்லித் தீனிக்கு அரை மணி நேரம் பேசுகிற இந்த வாய்தான், பழனியப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.