ராசியான கை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக் கூடத்தில், விருந்தாளிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் மானம் கப்பலேறியது.

ஏற்றிவிட்டது என் அம்மா. நியாயமாகத்தான் ஏற்றினாள்.

போன வருஷம் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு கட்டுரை சிலருக்கு மறந்திருக்கலாம். மறந்திருந்தால் ரொம்ப நல்லது. மறக்காதவர்களுக்காகத்தான் இந்த வாரம். பிஎச்.டி. படிக்க நான் அமெரிக்கா போன கதையை எழுதியிருந்தேன். இரண்டு இடத்தில் அட்மிஷன் கிடைத்தது, எதற்குப் போவதென்று தெரியவில்லை, கோமதி அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தோம், அம்மன் அமெரிக்காவுக்கு உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று. ஏகப்பட்ட கடிதங்கள் வந்தன. விஞ்ஞானம் படித்தும் பக்தி குறையாத பிள்ளை என்று தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆசீர்வாதமே அனுப்பியிருந்தார்.

அந்தக் கட்டுரையைக் கத்தரித்து நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள், வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு தாயும் மகனும். மகன் பெயர் சண்முகவேல். எம்.எஸ்ஸி. முடித்தவன். அவனுக்கும் இரண்டு கடிதம்! டெல்லியில் ஆராய்ச்சிக்கு ஓர் இடம், இங்கிலாந்தில் ஓர் இடம். இரண்டுக்கும் இந்த மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும்.

"இவுக அப்பாதான் டாக்டர் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிச்சாக" என்றார் அந்த அம்மாள். "நீங்க எழுதுனதை வீட்டுல எல்லாரும் படிச்சோம் தம்பி. அதே மாதிரி அம்மன்கிட்டயே கேட்டுருவோம்னு வந்துட்டோம்."

பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அந்தக் குனிந்த தலையை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே கூடத்தில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இனி எழுதுவதுதான் நிஜம். முந்தின கட்டுரையில் விட்டுப்போனது... இல்லை, நான் விட்டது.

சுதந்திரம் வந்து மூன்றாவது வருஷம். நான் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், கல்யாண வயதில் தங்கை. எனக்கு ஆராய்ச்சிப் பைத்தியம். அதிலும் மண் பைத்தியம். எங்கள் ஊரைச் சுற்றிலும் கிடக்கிற கரிசல் மண், பெய்கிற ஒரு மழையின் ஈரத்தை மாசக்கணக்கில் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது? அதைத்தான் படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டேன்.

விண்ணப்பம் போடுவது என்றால் சும்மா இல்லை. எல்லாம் டைப் அடித்து அனுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்து ஊரில் டைப்ரைட்டர் இருந்த ஒரே இடம் ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே இருந்த குமாஸ்தா அண்ணாச்சி ரொம்ப உபகாரி. ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்ததை அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதுனா எவன் வே மதிப்பான்?" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவர் பாணியில், கோர்ட்டு மனு இங்கிலீஷில், திருத்தி அடித்தார். மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது என்னவென்றால் என்று ஆரம்பித்து, சமூகம் கிருபை கூர்ந்து மனுவை அனுமதிக்க வேணுமாய்ப் பிரார்த்திக்கிறேன் என்று முடிந்தது. நடுவில் கரிசல் மண்ணுக்கு நாலு எல்லை வேறு போட்டிருந்தார்! கிழக்கே இன்னது, மேற்கே இன்னது என்று. எனக்கும் அது கம்பீரமாகத்தான் பட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அமெரிக்கக்காரன் சிரித்தானோ என்னவோ, இடம் கொடுத்துவிட்டான். படிப்புச் செலவுக்கு அங்கேயே உதவி ஆசிரியர் வேலையும் சேர்த்து. அதே வாரத்தில் பெங்களூரிலிருந்தும் கடிதம் வந்தது. அங்கே இருந்த புரொபஸர் நம் நாட்டு மண்ணிலேயே ஊறியவர். உங்கள் ஊர்க் கரிசல் மண் என் சோதனைக்கூடத்தில் பத்து வருஷமாகக் காத்திருக்கிறது, நீ வந்தால் போதும் என்று சொந்தக் கையெழுத்திலேயே எழுதியிருந்தார்.

எது பொருத்தம்? சின்னக் குழந்தை சொல்லும். பெங்களூர்தான்.

எனக்கு எது வேண்டும்? அமெரிக்கா. ஏன்? கப்பலில் போக வேண்டும், பெயருக்குப் பின்னால் அமெரிக்கப் பட்டம் போட்டுக்கொள்ள வேண்டும், காலேஜில் என்னோடு படித்தவன்களெல்லாம் வாயைப் பிளக்க வேண்டும். இதை விடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அகப்படவில்லை.

அம்மாவுக்கு இந்தப் பட்டம் சமாசாரமெல்லாம் தெரியாது. ஆனால் சரியான இடத்தில் கேள்வி போட்டாள்.

"ஏலே, மண்ணைப் படிக்க எதுக்குலே கப்பல் ஏறணும்? இங்கன கெடக்க மண்ணு போதாதா?"

"அங்கன வசதி ஜாஸ்திம்மா."

"பெங்களூருன்னா ரெண்டு ரயிலு மாறுனா வந்துருவே. தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தியே வந்து நிப்பே. எனக்கு ஒண்ணுன்னா மறுநாளு வந்துருவே. அங்கன போனா..."

முடிக்கவில்லை. எனக்குப் போகணும்மா என்று ஒரு வரி. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அதுதான் தெரிந்தது.

பத்தாவது நாள் அம்மாவே சொன்னாள். "போகாதேன்னு சொன்னா காலத்துக்கும் என்னையக் கொறை சொல்லுவே. போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அம்மன்கிட்ட விட்டுருவோம். அவ என்ன சொல்லுதாளோ, நானும் கேக்கேன், நீயும் கேக்கணும்."

பூக்கட்டிப் பார்ப்பது தெரியாத பட்டணத்து வாசகர்களுக்காக: ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. எந்தப் பூவுக்கு எந்த முடிவு என்று முன்னாலேயே மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பொட்டலங்களை அம்மன் பாதத்தில் வைத்து, விஷயம் தெரியாத ஒருவரை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்ததை மட்டும்தான் பிரிக்கலாம். மற்றதைப் பிரிக்காமல் மரத்தடியில் போட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. அந்தக் கடைசி வழக்கத்தை நம்பித்தான் நான் துணிந்தேன்.

வெள்ளை வந்தால் அமெரிக்கா, சிவப்பு வந்தால் பெங்களூர் என்று அம்மா வைத்துக்கொண்டாள். கொல்லையிலிருந்து நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, குளிக்கப் போனாள். "நீயே மடிச்சு வையி" என்றாள். என்னை நம்பித்தானே சொன்னாள்?

செவ்வரளியைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. வேலை முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சந்நிதியில் பட்டர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். "வெள்ளை வந்திருக்கு" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். அவள் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் கும்பிட்டேன்! அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் விஷயம் கேட்டுவிட்டு, "அம்மனே அனுப்புதா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்னொரு பொட்டலத்தை அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மரத்தடியில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். அதற்குள் என் மனசு பம்பாய்த் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

ஐந்து வருஷம். தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்து வர வேண்டியது கூடப் பிறந்தவன். பெரியப்பா மகன் போட்டான். எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தபோது, அங்கே அவள் மறுவீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். சரி, இதெல்லாம் கடல் கடந்தவன் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நான் திரும்பி வந்த அன்றைக்கு ஸ்டேஷனுக்கு அம்மா வந்திருந்தாள். என் முகத்தைத் தடவ வலது கையைத் தூக்கினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. உடனே இடது கையால் தடவினாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

நான் போன மூன்றாவது வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். யாரோ வந்து பார்ப்பதற்குள் கை வீங்கிவிட்டது. யாரோ கட்டு போட்டார்கள், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. எனக்கு எழுதக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பெங்களூரில் இருந்திருந்தால் மறுநாளே வந்து நல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். மறுநாளே.

இதற்கப்புறமாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. பாராட்டுக் கூட்டத்தில் அம்மன் அனுப்பியதாகப் பேசினேன். பத்திரிகையில் எழுதினேன். ஒரு பொய்யைப் பல தடவை சொன்னால் அது நமக்கே அனுபவமாகிவிடுகிறது. இந்தப் பக்கத்துக்குப் பெயரும் அனுபவம்தானே!

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

சண்முகவேலின் அம்மா ஒரு வாழையிலைத் துண்டை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. வரும்போதே கொண்டுவந்திருக்கிறார். "தம்பி, ஒரு உபகாரம். பொட்டலத்தை உங்க கையாலயே மடிச்சுக் குடுங்க. ராசியான கை."

கையை நீட்டவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. அப்போதுதான் அடுக்களையிலிருந்து காபி கொண்டுவந்தாள் என் அம்மா.

"அவன் கையில மட்டும் குடுத்துராதீங்க தங்கச்சி" என்றாள், டம்ளரை இடது கையால் நீட்டிக்கொண்டே. "ரெண்டுலயும் ஒரே பூவை வச்சுருவான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். கையிலிருந்த கத்தரித்த கட்டுரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

"எப்பம்மா தெரியும்?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். பிரிக்கக் கூடாதுன்னு தெரியும், ஆனா மனசு கேக்கல. நீ இங்கனயே இருந்திருந்தா வந்திருக்க வேண்டிய பூ... அந்தச் செவப்பை ஒரு தடவ பாத்துக்கிடுவோமேன்னு மரத்தடியில வச்சுப் பிரிச்சேன். அதுலயும் வெள்ளை."

எட்டு வருஷம்! அத்தனை பொய்யையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கட்டுரையை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நல்லாருக்கு என்றாள்.

சண்முகவேலின் அம்மா பூக்களை இலையோடு ஓரமாகத் தள்ளி வைத்தார். மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, இங்க பாரு. உனக்கு எங்க போகணும்? வாயைத் திறந்து சொல்லு."

பையன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். "சீமைக்குப் போகணும்மா" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"இதைச் சொல்ல வாசுதேவநல்லூர்ல இருந்து பஸ் ஏறி வரணுமாலே?" என்றார் அவர். அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னார். நான் பத்து நாளில் சொல்லாததை அந்தப் பையன் ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டான்.

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். "தெரிஞ்சும் ஏம்மா என்னைய விட்டே?"

அம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மன்கிட்டயே பொய் சொல்லுத அளவுக்கு ஆசை இருக்குன்னா, பெறகு எப்படி நிறுத்தி வைக்க? எனக்கு அது வருத்தமில்லை. என்கிட்ட நெசத்தைச் சொல்லிருந்தா விட்டிருக்க மாட்டேன்னு நெனைச்சுட்டியேலே... அதுதான்."

கழுவுவதற்காக டம்ளர்களோடு போய்விட்டாள். அந்தக் கோணல் கையால் மூன்று டம்ளரை ஒன்றாகப் பிடிக்க அவளுக்கு வராது. இரண்டு நடை நடந்தாள். எழுந்து வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவருக்கு: நீங்கள் அனுப்பிய ஆசீர்வாதத்தைத் திருப்பி அனுப்புகிறேன், தயவுசெய்து பெற்றுக்கொள்ளவும்.