வால்டரின் பயோடேட்டா

போன சனிக்கிழமை ஒரு குதிரையின் பயோடேட்டாவைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. மனைவியோடு சேர்ந்து படித்திருக்கவே கூடாது.

பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் பக்கத்து வீட்டு லிண்டா ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறார். ரிடையர் ஆன நாளிலிருந்து நான் வாசலில் நின்று போகிற வருகிற கார்களை வேடிக்கை பார்ப்பதைக் கண்டு பரிதாபப்பட்டாரோ என்னவோ... "இரண்டு பேரும் வந்து எங்கள் சாம்பியனைப் பாருங்களேன்" என்றார். போனோம்.

பதிவேட்டில் சாம்பியனுக்கு நீளமாக ஒரு பெயர். கூப்பிடுவது வால்டர். நம் வீடுகளில் வெங்கடசுப்பிரமணியன் ராஜு ஆவதில்லையா, அப்படி.

வால்டர் ட்ராட்டர் வகைக் குதிரை. பின்னால் இரண்டு சக்கரக் குட்டி வண்டி, அதில் ஓட்டுபவர். ஒரு பக்க முன்னங்காலும் மறுபக்கப் பின்னங்காலும் ஒன்றாக விழ, ஒரே சீராக ஓட வேண்டும். உற்சாகத்தில் நாலுகால் பாய்ச்சலில் போய்விட்டால்? தப்பு. கடிவாளத்தை இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்ற குதிரைகள் முந்திவிடும். வால்டர் ஒருமுறைகூட நடை மாறியதில்லையாம்.

இரண்டு வயதில் பந்தயத்தில் இறங்கி, மூன்று வயதில் பெரிய கோப்பைகளையெல்லாம் வாரி, நான்கு வயதில் ரிடையர். இப்போது உத்தியோகம் — அப்பா. ஊரெல்லாம் பிள்ளைகள். ஆனால் பிள்ளைகளின் அம்மாக்களை அவர் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் கூரியரில் போய்விடுமாம். லிண்டா இதை விளக்கியபோது என் மனைவி புவனா வேலியைப் பார்த்தாள். நானும் வேலியைப் பார்த்தேன்.

லாயத்துக் கதவில் வால்டரின் பயோடேட்டாவை லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். எனக்கு உடனே தொழில்முறை ஆர்வம். மறுநாள் காலை கோயில் கேன்டீனில், மகன் கார்த்திக்குக்காக ஒரு பெண் வீட்டாரைச் சந்திப்பதாக ஏற்பாடு. அவன் பயோடேட்டாவைத் தயாரித்தவன் அடியேன். அவனிடம் காட்டியபோது, "வாட்எவர், டாட்" என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வால்டருடையதில் அப்பாவுக்கு ஒரு வரி. அதோடு சரி. கீழே முழுக்க அம்மாதான். அம்மா ஜெயித்த பந்தயங்கள், அம்மா பெற்ற பிள்ளைகள், அந்த அம்மாவுக்கு அம்மா, அவளுக்கும் அம்மா...

"ஒரே அப்பாவுக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். அம்மா யார் என்பதில்தான் வித்தியாசம்" என்றார் லிண்டா.

புவனா கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள்.

திரும்பும்போது கார் ஹைவேயில் ஏறியது. புவனா கேட்டாள். "ஏங்க, கார்த்திக் பயோடேட்டால என்னைப் பத்தி என்ன போட்டிருக்கீங்க?"

என்னைப் பற்றிப் பதினோரு வரி போட்டிருந்தேன். கம்பெனி, பதவி, நாலு பெட்ரூம் வீடு, தமிழ்ச் சங்கத்தில் முன்னாள் துணைச் செயலாளர் என்பது உட்பட. அவளைப் பற்றி ஒரே வார்த்தை.

"ஹோம்மேக்கர்" என்றேன், ரோட்டைப் பார்த்தபடி.

புவனா கணிதத்தில் யூனிவர்சிட்டி கோல்ட் மெடல். சென்னையில் காலேஜ் லெக்சரர் வேலையை எனக்காக விட்டுவிட்டு வந்தாள். அவளுடைய விசா இங்கே வேலைக்குப் போக விடவில்லை. கிரீன் கார்டு வருவதற்குள் எங்கள் பேஸ்மென்ட்டில் கணக்கு படித்துத் தேறிய பிள்ளைகள் எத்தனையோ. கார்த்திக் அவர்களில் ஒருவன். நான்? ஆபீசில் இருந்தேன்.

"அப்ப நாளைக்கு நான் வரலை. ஹோம்மேக்கர் ஹோம்லயே இருக்கேன். நீங்க போய்ப் பேசிட்டு வாங்க."

"இல்லம்மா, ஸ்பேஸ் பத்தலை... எல்லாரும் இப்படித்தான் போடறாங்க... அது ஒரு ஃபார்மட்..."

நாலுகால் பாய்ச்சல். எனக்கே தெரிந்தது. கடிவாளத்தை நானே இழுத்துக்கொண்டேன்.

"தப்புதான் புவனா. நினைச்சா வெட்கமா இருக்கு. நீயே மாத்தி எழுது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டாள். காலையில் பட்டுப்புடவையோடு எனக்கு முன்பே காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கேன்டீனில் பெண்ணின் அம்மா அந்தத் தாளைப் படித்தார். எழுந்து வந்து புவனா பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் இதே மாதிரி வேலைய விட்டுட்டு வந்தவதாங்க. பத்து வருஷம் சும்மா இருந்தேன்" என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஓயவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகள் சந்திக்கிறார்கள். என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "இன்னொரு புளியோதரை வாங்கிட்டு வர்றீங்களா?"

வரிசையில் நிற்கும்போது புதிய பயோடேட்டாவைப் பிரித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு முழுப் பத்தி. என் பதினோரு வரிகளைக் காணோம். 'ஃபாதர்: ரிடையர்ட்.'

வால்டரும் ரிடையர்ட்தான். ஆனால் அவர் ஜெயித்துவிட்டு ஆனார்.