வராத வண்டிக்கு விட்ட வழி

ரேஸ் வண்டிக்குள் மாட்டியிருக்கும் கேமராவுக்குக் கண் மட்டும்தான் உண்டு, காது கிடையாது என்று நம்பியிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. கொடைக்கானலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், தினமும் மெஷினோடுதான் பிழைப்பு. இருந்தும் நம்பினேன். கேமரா ரோட்டைப் பார்த்து இருந்தது, என் மூஞ்சியைப் பார்த்து இல்லை. ஆகவே உள்ளே நான் என்ன கத்தினாலும் அது எனக்கும் பழனி மலையில் நிற்கிறவனுக்கும் இடையிலான விஷயம் என்று தெம்பாக இருந்தேன்.

எங்கள் டீம் என்பது ஒரு பழைய வண்டியும் நாலு பேரும். வண்டிக்குச் சொந்தக்காரர் மெக்கானிக். அவருடைய மச்சினன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். போட்டியில் ஓட்டியது கூக்கால் என்கிற மலைக்கிராமத்திலிருந்து வரும் கூக்கால்காரி. சொந்தத் தோட்டத்துப் பூண்டை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வாரம் மூன்று நடை பிக்கப் ஓட்டுகிற பெண். நான் அவள் பக்கத்தில் உட்காரும் நேவிகேட்டர். போட்டிக்கு முதல் நாளே பாதையைச் சுற்றிப் பார்த்து, எந்த வளைவு எவ்வளவு திரும்புகிறது என்று நோட்டில் குறித்து, ஓடும்போது அதை உரக்க வாசிக்க வேண்டும். இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தை மெக்கானிக்கே சொன்னார்: “நோட்டும் பேனாவும் ஒங் கடையிலதான மாப்ள இருக்கு.”

போட்டி சனி, ஞாயிறு இரண்டு நாள். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் மேல் போகும் மண்பாதை. முதல் இரண்டு சுற்றில் ஏற வேண்டும். மூன்றாவது சுற்றில் அதே பாதையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். ஒன்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது. ஏறும்போது நன்றாகத்தான் இருந்தோம், ஆறாவது இடம். மூன்றாவது சுற்று முடிந்து பார்த்தால் கடைசிக்கு முந்தின இடம்.

காரணம் எனக்குத் தெரியும். இறக்கத்தின் முதல் பள்ளத்தில் வண்டி துள்ளியதில், ஹெல்மெட்டுக்குள் என் வெள்ளெழுத்துக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவித் தாடைக்குப் போய்விட்டது. நோட்டு கையில்தான் இருந்தது. எழுத்துதான் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அதன் பிறகு வளைவு வரும்போதெல்லாம் எனக்கு வாசிக்க வந்தது ஒரே சொல்தான்: “முருகா!”

ஞாயிறு சாயங்காலம் மெக்கானிக் கேட்டார், “மூணாவது சுத்துல என்னப்பா ஆச்சு?”

“நான் நோட்ட ஒழுங்காத்தான் வாசிச்சேன்” என்றேன். யாரும் என்னைக் குற்றம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கூக்கால்காரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். “அப்ப நாளைக்கு ஒக்காந்து பேசிருவோம். அடுத்த மாசப் போட்டிக்கு தங்கச்சி ஓட்டுதா, மச்சினன் ஓட்டுறானான்னு.”

ஒரு பெண்ணின் ஸ்டியரிங்கை என் மூக்குக்கண்ணாடி பிடுங்கப் போகிறது என்று அப்போதே உறைத்தது. வாயைத் திறந்திருக்கலாம். பசிக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் திறந்தேன்.

திங்கட்கிழமை வெள்ளனே மெக்கானிக் போன் செய்தார். “மாப்ள, மத்தியானம் வெரசா வந்துரு. பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கியாந்துருக்கேன். வீடியோவ சத்தத்தோட போட்டுப் பாப்போம்.”

“சத்தமா? கேமராவுலயா?”

“பின்ன? ஊமைப்படமா எடுக்குறோம்?”

கடையில் யாருக்கோ ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு காப்பி கேட்டவருக்குப் பதினாலு எடுத்துக் கொடுத்தேன். வயிற்றுவலி என்று சொல்லலாமா? மலைக்குக் கீழே வெள்ளகவி கிராமத்துக்கு ஓடிவிடலாமா? அங்கே வண்டி போகாது, ஒற்றையடிப் பாதைதான். பக்கத்து டீக்கடைக்கே பைக்கில் போகிற மெக்கானிக் நிச்சயம் என்னைத் தேடி இறங்க மாட்டார். செருப்பைக்கூட மாற்றினேன். பிறகு அந்தப் பாதையில் திரும்ப ஏறி வர வேண்டுமே என்று நினைத்து, பட்டறைக்கே போனேன்.

பட்டறை ஷட்டரில் சாக்பீஸால் எங்கள் நாலு பேருக்கும் கோடு போட்டு வைத்திருந்தார், பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுத. கூக்கால்காரி காலையிலேயே ஒட்டன்சத்திரத்தில் பூண்டை இறக்கிவிட்டு வந்திருந்தாள். மேலெல்லாம் பூண்டு வாசம். அவளிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது.

முதல் இரண்டு சுற்றிலும் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன்.

“என்னக்கா இது, பஸ் ஸ்டாண்டுக்குள்ள நொழையிற மாதிரி?” என்று மச்சினன் சிரித்தான். “ரேஸ்ல யாரு ஹாரன் அடிப்பா?”

“கை தன்னால போகுதுப்பா. நான் என்ன செய்ய?”

மூன்றாவது சுற்று. பள்ளம். டமால். பிறகு புது ஸ்பீக்கரில், பட்டறைத் தகரம் அதிர, என் குரல்: “முருகா!” அடுத்த வளைவு: “முருகா முருகா!” அதற்கடுத்தது: “ஏய் முருகா, கொன்னுறாதடா!”

மச்சினன் டயர்மேல் புரண்டு சிரித்தான். “பழனி பாதயாத்திரைக்கு லைவ் கமெண்ட்ரியாண்ணே?”

எழுந்து நின்றேன். “கண்ணாடி விழுந்துருச்சு. ஒரு எழுத்தும் தெரியல. ஒழுங்கா வாசிச்சேன்னு சொன்னது பொய். தங்கச்சி மேல தப்பே இல்ல. என்னத் தூக்கிருங்க, அதுதான் ஓட்டணும்.”

“எனக்குத்தான் அப்பவே தெரியுமேண்ணே” என்றாள் அவள். “நீங்க லேசா கூப்பிட்டா சின்ன வளவு. தொண்ட கிழியக் கூப்பிட்டா பெரிய வளவு. அத வச்சுத்தான் ஓட்டுனேன்.”

மெக்கானிக் வீடியோவைத் திரும்ப ஓட்டி, கடிகாரத்தோடு ஒப்பிட்டார். உண்மைதான், வளைவுகளில் எங்கும் நேரம் போகவில்லை. அப்படியானால் எங்கே போனது? மூன்று தடவை பார்த்தோம். நாலு பேருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

டீ கொண்டுவந்த மெக்கானிக்கின் மனைவிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தட்டோடு நின்று பார்த்தவர் கேட்டார், “அந்தப் புள்ள ஏன் அங்கங்க ஓரங்கட்டி நிக்குது?”

பார்த்தோம். ஆமாம். பாதை குறுகுகிற மூன்று இடத்தில் இடதுபக்கம் ஒதுங்கி, லைட் போட்டுக் காட்டி, நின்று, பிறகு கிளம்பியிருக்கிறாள்.

“ஏத்தத்துல வர்ற வண்டிக்கு வழி விட்டேன்” என்றாள் கூக்கால்காரி.

“எந்த வண்டி?”

“வரல. வந்துட்டா?”

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மலைப்பாதையில் இறங்குகிறவன்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறுகிறவனை நிறுத்தக் கூடாது. அப்படியே ஓட்டிப் பழகிய நாங்கள் மூன்று தடவை பார்த்தும், அவள் நிற்பது எங்கள் கண்ணில் படவே இல்லை.

ஓட்டுகிற சீட்டு கிடைக்க வேண்டியவன் மச்சினன். அவன்தான் முதலில் பேசினான். “மாமா, ப்ராமிஸா சொல்றேன், நானும் நின்னுருப்பேன். அக்காவே ஓட்டட்டும்.”

மெக்கானிக் சாக்பீஸை எடுத்தார். ஓட்டுநருக்கு ஏழு, நேவிகேட்டருக்கு மூன்று. மனைவியின் பெயருக்குப் புதிதாக ஒரு கோடு போட்டுப் பத்து.

அடுத்த மாதம் கூக்கால்காரிதான் ஓட்டினாள். ஹாரன் வயரைக் கழற்றியிருந்தோம். கண்ணாடியை ஷூ லேஸால் தலையோடு கட்டிக்கொண்டு, நோட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பாதை குறுகுகிற இடங்களில் எழுதியிருந்த ‘எதிர்ல வண்டி வராது’ உட்பட, நான் வாசித்தேன். எங்கள் பிரிவில் நான்காவதாக வந்தோம்.