கனம் குறைந்த துப்பாக்கி

போன வாரம் எங்கள் மளிகைக் கடைக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை ஆட்டோவுக்கு நின்றாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். தோளில் அவள் உயரத்துக்கு ஒரு நீளப் பை. அது என்ன பை என்று எனக்குத் தெரியும். கூட வந்த அம்மா, இதைவிட லேசானதாக வாங்கியிருக்கலாம் என்று இந்தியில் புலம்பிக்கொண்டிருந்தாள். கனமாகவே இருக்கட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் ஆட்டோ வந்தது. போய்விட்டார்கள்.

எனக்கும் அந்த வயதில் ஒரு துப்பாக்கி இருந்தது. சொந்தத் துப்பாக்கி இல்லை. ஆனால் இரண்டு மாதம் என் துப்பாக்கி என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

அப்பா அப்போது டில்லிக்குத் தெற்கே, பாறை மேடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு துப்பாக்கி கிளப்பில் வேலை பார்த்தார். துப்பாக்கி கிளப் என்றதும் அவர் துப்பாக்கி பிடித்தவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்குப் பள்ளத்தில் வேலை. சுடுகிறவர்கள் ஒரு கோடியில் படுத்திருப்பார்கள். முந்நூறு மீட்டர் தள்ளி மறுகோடியில் மண்மேடு. அதற்கு முன்னால் ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம், கனத்த சுவரோடு. பள்ளத்தில் நின்று கயிற்றை இழுத்தால் சட்டத்தில் ஒட்டிய காகிதம் மேலே போகும். தலைக்கு மேலே குண்டு வந்து அதில் ஓட்டை போடும். காகிதத்தை இறக்கி, ஓட்டையைப் பார்த்து, மைதா பசை தடவிய காகிதத் துண்டால் அடைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். குண்டு பட்ட இடத்தை நீளக் குச்சியின் நுனியில் இருக்கும் வெள்ளைத் தகட்டால் காட்ட வேண்டும். காகிதத்திலேயே படவில்லை என்றால் சிவப்புத் துணியை இரண்டு பக்கமும் ஆட்ட வேண்டும். பதினாலு வருஷம் இதுதான் வேலை.

சுடுகிறவர்கள் முகம் அவருக்குத் தெரியாது. ஓட்டை தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில், மூணாம் நம்பர்காரர் இன்னைக்கு யாரோடயோ சண்டை போட்டுட்டு வந்திருக்கார் என்பார். ஏழாம் நம்பருக்குக் கண்ணாடி மாத்தணும் என்பார். அது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்று மாமா சொல்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரையும் அப்பாதான் அதே பள்ளத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார்.

வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் சுடப் பழகலாம் என்று கிளப்பில் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் போனேன். வெயிலுக்கு அங்கே மின்விசிறியும் குளிர்ந்த தண்ணீரும் இருந்தன, அதற்காகத்தான். சின்னத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ஐம்பது மீட்டர். அது தோளில் தட்டுகிற மாதிரிகூட இருக்காது. எனக்கு நன்றாக வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. அசையாமல் கிடப்பது எனக்குச் சிரமம் இல்லை. அவ்வளவுதான்.

பழக்குகிறவர் பழைய பட்டாளத்துக்காரர். கர்வால் மலைப்பக்கத்துக்காரர். எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிடுவோம். அவர் ஒருநாள் அப்பாவைப் பள்ளத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். உன் பெண்ணை முந்நூறு மீட்டருக்கு ஏற்றப்போகிறேன் என்றார். இரண்டு மாதம் கழித்துத் தேர்வு. மூன்று பிள்ளைகளில் ஒருவர் வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். அங்கே தேறினால் விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலேயே. அப்பா, அச்சா சாப், அச்சா சாப் என்று ஏழெட்டு தடவை சொன்னார்.

உஸ்தாத் மேசை மேல் இரண்டு துப்பாக்கிகளை வைத்தார். ஒன்று நீளக் குழல், தடித்த கட்டை. இன்னொன்று யாரோ வேட்டைக்காரர் கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனது. குட்டையாக, மெலிசாக இருந்தது. எது வேண்டும் என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கேட்டார். அந்தக் கிளப்பில் அப்பாவிடம் யாரும் அதுவரை ஒரு விஷயம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா இரண்டையும் தூக்கிப் பார்த்தார். மூட்டை தூக்கிப் பார்க்கிற மாதிரி, இடுப்பை வளைத்து. டில்லிக்கு வந்த புதிதில் அவர் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர். அம்மாவும் சித்தாள் வேலை பார்த்துவிட்டுப் பிறகுதான் வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டில் கனம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

சுடும்போது பின்னால் வருகிற உதையைக் கனமான துப்பாக்கி தானே வாங்கிக்கொள்ளும், லேசானது அதைப் பிள்ளையின் தோளுக்குக் கொடுத்துவிடும் என்று உஸ்தாத் சொன்னார். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். நம்பவில்லை. கனமான மூட்டை வலிக்காது என்று யாராவது சொன்னால் எப்படி நம்புவது. அவர் மனதில் வேறு கணக்கு. துப்பாக்கி வைக்கிற அறையிலிருந்து சுடுகிற இடம் தூரம். தினமும் நான்கு முறை நான் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நடப்பதை அவர் பார்த்திருக்கிறார். சுடுவதைப் பார்த்ததில்லை. பள்ளத்திலிருந்து அது தெரியாது.

மெலிசான துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினார். "இது போதும் சாப். புள்ள சின்னது" என்றார், பாதி இந்தியிலும் பாதி தமிழிலும்.

உஸ்தாத் என்னைப் பார்த்தார். அப்பா சொன்னதுதான் என்றேன்.

முதல் குண்டு இன்னும் நினைவில் இருக்கிறது. கட்டையைத் தோள் குழியில் வை, கழுத்தெலும்பில் வைக்காதே, இறுக்கிப் பிடி, கன்னத்தை ஒட்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்து என்று உஸ்தாத் சொன்னார். எல்லாம் செய்தேன். சத்தம் வந்தது. யாரோ தோளைப் பிடித்து என்னைப் பின்னால் தள்ளிய மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீக் ஹை, சரிதானே என்று உஸ்தாத் கேட்டார். டீக் ஹை உஸ்தாத் என்றேன். தூரத்தில் வெள்ளைத் தகடு கறுப்பு வட்டத்துக்குள் நின்றது. அதைக் காட்டுவது அப்பா என்று தெரியும். வலி போய்விட்டது.

மறுநாள் வலி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. தோள் நீலமாகி, பிறகு ஓரம் மஞ்சளானது. அம்மா குளிக்கும்போது பார்த்துவிட்டாள். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். பழைய துண்டை நாலாக மடித்துச் சட்டைக்குள் தைத்துக் கொடுத்தாள். அப்பாகிட்ட சொல்லாத என்றாள். அவள் வேலை செய்கிற நாலு வீட்டிலும் பெண் விடுதிக்குப் போகப்போகிறாள் என்று சொல்லி முடித்திருந்தாள். எனக்கும் சொல்ல விருப்பம் இல்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள். எனக்கு ரயிலில் மேல் பர்த்தில் படுத்துக்கொண்டு போக வேண்டும்.

துண்டு வைத்ததும் கட்டை தோளில் நிற்காமல் வழுக்கியது. கழுத்தை நீட்டிக் குறி பார்க்க வேண்டியிருந்தது. இன்னும் மோசம். மெல்ல மெல்ல, விசையை இழுப்பதற்கு முன்பே என் கண் மூட ஆரம்பித்தது. நான் மூடவில்லை, அதுவாக மூடியது. தோளும் அதுவாக ஒதுங்கியது. உஸ்தாத்துக்குச் சந்தேகம் வந்து, குண்டு போடாமல் துப்பாக்கியைப் பிடிக்கச் சொல்லி, குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுக்கச் சொன்னார். நாணயம் விழவே இல்லை. குண்டு இல்லை என்று எனக்குத் தெரியுமே. ஷாபாஷ் என்றார்.

அவரை ஏமாற்ற முடிந்தது. பள்ளத்தில் இருந்தவரை முடியவில்லை.

"உன் குண்டெல்லாம் கீழ, வலப்பக்கமா போவுதே பாப்பா" என்றார் அப்பா ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "கண்ண மூடுறியா?"

"இல்லப்பா."

"தோள் வலிக்குதா?"

"இல்லப்பா."

அம்மா எழுந்து போய் அணைத்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தாள். அப்பா பிறகு கேட்கவில்லை.

தேர்வு அன்று காற்று இல்லை. நல்ல நாள் என்று பேசிக்கொண்டார்கள். என் இலக்கு நாலாம் நம்பர். சொந்தப் பிள்ளைக்கு அப்பா குச்சி பிடிக்கக் கூடாது என்று அவரை ஐந்துக்கு மாற்றியிருந்தார்கள். நாலுக்கு மாமா. மாமாவும் சொந்தம்தான் என்று அந்த சாப்களுக்கு யாரும் சொல்லவில்லை. மதராஸி எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான்.

பத்து குண்டு. ஒன்பது வரை எப்படியோ சமாளித்தேன். சிலது ஓரம், சிலது நடு. தேர்வுக்கு வந்த மூவரில் ஒருவன், கரோல் பாகிலிருந்து வருகிற பையன், முடித்துவிட்டு எழுந்து நின்றான். உஸ்தாத் அருகில் வந்து குனிந்து, இது நடுவில் விழுந்தால் நீதான் என்றார். சொல்லியிருக்க வேண்டாம். மூச்சை விட்டேன். நிறுத்தினேன். கண் மூடிக்கொண்டது. சத்தம் கேட்டது.

காகிதம் இறங்கியது. ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. ஏறியது. வெள்ளைத் தகடு நட்டநடுவில் நின்றது.

யாரோ கை தட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு சுட்டது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணை மூடியும் நடுவில் விழலாம் இல்லையா. விழும் என்று அந்த நிமிஷம் முழுசாக நம்பினேன். மனதுக்குள் மேல் பர்த்தில் ஏறிப் படுத்தே விட்டேன்.

காகிதம் மறுபடி இறங்கியது. அப்படி இறங்கக் கூடாது. ஏறியது. சிவப்புத் துணி இடமும் வலமும் ஆடியது. மெதுவாக, மூன்று தடவை. எல்லோரும் பார்க்கிற மாதிரி.

பள்ளத்தில் நடந்ததை மாமா பிறகு சொன்னார். வீட்டுக்குப் போக ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பஸ் மாறும்போது, எனக்குச் சூடாக நேந்திரம் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். அப்பா தள்ளி நின்றார். குண்டு காகிதத்தில் பட்டால் ஒரு சத்தம், மண்ணில் புதைந்தால் வேறு சத்தம். பத்தாவது குண்டு மண்ணில் போனது. மாமா காதிலிருந்த பென்சிலை எடுத்து நடுவில் ஒரு குத்து குத்தினார். குண்டு ஓட்டை அளவுக்குச் சரியாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் முன்பும் நடந்ததுதான், சாப்கள் யாராவது பாட்டில் கொடுத்தால்.

மூன்று அடி தள்ளி நின்ற அப்பாவுக்கும் காது உண்டு. வந்து கயிற்றைப் பிடித்தார். மாமா கெஞ்சியிருக்கிறார்.

"ஒரே ஓட்டைதானே மச்சான், நம்ம புள்ளைக்குத்தானே."

"கண்ண மூடிக்கிட்டுப் போட்ட குண்டு மாப்ள இது. விடு கயித்த" என்றாராம் அப்பா.

அவரே இறக்கி, அவரே அடைத்து, அவரே துணியை ஆட்டினார்.

அம்மா நாலு நாள் அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். நான் அதற்கு மேலும் பேசவில்லை. கிளப்பில் அப்பாவுக்கு நேர்மையான ஆள் என்று பெயர் வந்தது. ஒரு சாப் முதுகில் தட்டினார். அதைக் கேட்டபோது எனக்கு இன்னும் எரிந்தது. பெயர் அவருக்கு, வெளியூர்ப் போட்டி கரோல் பாக் பையனுக்கு.

அடுத்த திங்கள்கிழமை கிளப்புக்கு விடுமுறை. தேர்வுக்காக இரவல் வாங்கியிருந்த, சுடும்போது போடுகிற தடித்த கோட்டைத் திருப்பிக் கொடுக்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உஸ்தாத் மட்டும் இருந்தார். கோட்டைக் கொடுத்தேன். அப்பா கிளம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற திட்டில் ஏறி நின்றார். பதினாலு வருஷத்தில் அந்தக் கோடியிலிருந்து அவர் பார்த்தது அன்றுதான்.

"மேடு இவ்வளவு சின்னதாவா தெரியும்?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

பிறகு உஸ்தாத்திடம் போய் என்னவோ சொன்னார். உஸ்தாத் உள்ளே போய் மெலிசான துப்பாக்கியையும் ஐந்து குண்டுகளையும் கொண்டுவந்தார். கோட்டைப் போட்டுக்கொள் என்றார். அப்பா வேண்டாம் என்றார். மெல்லிய அரைக்கைச் சட்டையோடு பாயில் குப்புறப் படுத்தார். எங்கே கையை வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. உஸ்தாத் கட்டையைத் தோளில் பொருத்திவிட்டார்.

முதல் குண்டுக்கு அவர் உடம்பு முழுக்கப் பின்னால் நகர்ந்தது. பாறை மேட்டில் சத்தம் மோதித் திரும்பி வந்தது. அவர் அப்படியே கிடந்தார். உஸ்தாத் குனிந்து, போதுமா என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினார், போதாது என்று.

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பள்ளத்தில் ஆள் இல்லை. காகிதமும் ஏற்றவில்லை. வெறும் மண்மேட்டைப் பார்த்துத்தான் சுட்டார். நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் இடத்தைக் கெடுத்தவர், என் துப்பாக்கியை வைத்து விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். உஸ்தாத் ஏன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றும் விளங்கவில்லை.

ஐந்தும் முடிந்தது. எழுந்து துப்பாக்கியை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த வருஷம் எட்டாவது முடித்தேன். பிறகு படிக்கவில்லை. துப்பாக்கி பற்றி அவரும் நானும் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை.

எவ்வளவு உதைக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு குண்டு போதும். அது எனக்கு அந்த வயதிலேயே தெரியும். மீதி நாலு குண்டை அவர் எதற்காகச் சுட்டார் என்பதுதான் தெரியவில்லை.